அது செவுருங்க மாமா

ஈராண்டுக்கு ஒருமுறை நடக்கும் கலைக் கண்காட்சியான கொச்சி பினாலேவுக்கு என்னை இழுத்துக்கொண்டு போனவள் அக்கா மகள். பரோடாவில் கலை வரலாறு படிக்கிறாள். கோவையில் காலை ரயிலைப் பிடித்தால் மதியத்துக்குள் எர்ணாகுளம் வந்துவிடுகிறது. அங்கிருந்து படகில் கோட்டைக் கொச்சி. ஒரு காலத்தில் மிளகும் தேங்காயெண்ணெயும் கயிறும் அடுக்கி வைத்திருந்த கிடங்குகளில் கண்காட்சி. இரண்டாவது கிடங்கோ மூன்றாவதோ, ஒரு சுவர் முன்னால் நான் நின்றுவிட்டேன்.

தரையை ஒட்டிக் கரும்பச்சைப் பாசி. அதற்கு மேலே உப்புப் பூத்து வெள்ளையாக ஒரு பட்டை. சுண்ணாம்பு உரிந்த இடத்தில் நீலம் தெரிந்தது, நீலம் உரிந்த இடத்தில் காவி, காவியும் போன இடத்தில் வெட்டுக்கல்லின் சிவப்பு. எந்தக் காலத்திலோ மழைத்தண்ணீர் இறங்கிய தடம் ஒன்று, மேலே ஒற்றைக் கோடாகத் தொடங்கிக் கீழே வரவர ஐந்தாறு கிளையாகப் பிரிந்திருந்தது. பத்து நிமிடமாவது நின்றிருப்பேன். கைபேசியில் மூன்று படம் எடுத்தேன். அப்புறம் பெயர் எழுதிய அட்டை எங்கே என்று தேடினேன்.

"என்னங்க மாமா தேடறீங்க?"

"யார் பண்ணுனதுன்னு எழுதி ஒட்டியிருப்பாங்களே, கண்ணு."

"அது ஆர்ட் வொர்க் இல்லீங்க மாமா. செவுரு."

சிரிக்காமல் சொன்னாள், அதுவே பெரிய உபகாரம். அடுத்த அறையில் ஒரு மர மேசை, நாலு நாற்காலி, மேசைமேல் கட்டுக்கட்டாகக் காகிதம். பார்க்க ஒரு பழைய வக்கீல் ஆபீஸ் மாதிரி இருந்தது. அதில் உட்கார்ந்து அரை மணி நேரம் படித்தாள். எழுந்தபோது கண் சிவந்திருந்தது. நான் அதற்குள் வாசலுக்கு வந்து, ஆஸ்பத்திரியிலிருந்து ஏதாவது செய்தி வந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் கடலோரத்துச் சீன மீன்வலைகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சுண்டல் தின்றுகொண்டே சண்டை பிடித்தோம். அவள் சொன்னது இவ்வளவுதான்: "அந்தச் செவுரு நல்லாருக்குதுங்க மாமா, நான் இல்லைன்னே சொல்லல. ஆனா அது கலை இல்ல. அந்த மேசை கலை. ஆனா அது நல்லாருக்கோணும்னு இல்லீங்க."

இருபத்திரண்டு வயதுப் பெண் இரண்டே வாக்கியத்தில் சொல்லிவிட்டதை மடக்கலாம் என்று நினைத்து, அழகியலும் கலைத் தத்துவமும் எங்கே பிரிகின்றன என்று அடுத்த ஆறு மாதம் நான் படித்ததுதான் இந்தப் பதிவு. மடக்க முடியவில்லை. ஆனால் அவளுக்கும் முழு வெற்றி கொடுக்க மனம் வரவில்லை.

என் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். நான் மயக்க டாக்டர். ஆபரேஷனுக்கு முன்னால் வந்து "பயப்படாதீங்க, தூங்கிடுவீங்க" என்று சொல்லிவிட்டுப் போகும் ஆள். கண் விழித்ததும் எல்லோரும் சர்ஜனைத்தான் தேடுவார்கள், அது பழகிவிட்டது. இந்த விஷயத்தில் எனக்குப் பேச உரிமை உண்டு என்பதற்கு ஒரு காரணம், என் தொழிலின் பெயர். மயக்கத்தைக் குறிக்கும் அனஸ்தீசியா என்பதும் அழகியலைக் குறிக்கும் எஸ்தெடிக்ஸ் என்பதும் ஒரே கிரேக்க வேரில் பிறந்தவை. ஐஸ்தேசிஸ் என்றால் புலனால் உணர்தல். முன்னால் 'அன்' சேர்த்தால் உணர்வின்மை. 1846 அக்டோபர் 16 அன்று பாஸ்டன் நகரத்து மருத்துவமனை ஒன்றில் மார்ட்டன் என்ற பல் மருத்துவர் ஈதர் கொடுத்து ஒருவரை வலியில்லாமல் அறுவைக்கு ஆளாக்கினார். அடுத்த மாதமே மருத்துவரும் எழுத்தாளருமான ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ் அவருக்குக் கடிதம் எழுதி, இந்த நிலைக்கு அனஸ்தீசியா என்று பெயர் வைக்கலாமே என்றார். ஆக, அழகியல் எதை ஆராய்கிறதோ அதை அணைத்து வைப்பது என் வேலை. இரண்டு மணி நேரம் கழித்துத் திரும்பவும் ஏற்றிவிட வேண்டும் என்பதுதான் கஷ்டம்.

அந்த எஸ்தெடிக்ஸ் என்ற பெயரைத் தத்துவத்துக்குள் கொண்டுவந்தவர் பௌம்கார்ட்டன் என்ற ஜெர்மானியர். 1735இல், இருபத்தொரு வயதில் எழுதிய ஆய்வேட்டில் அந்தச் சொல்லைப் போடுகிறார். 1750இல் அதையே தலைப்பாக்கிப் பெரிய நூல் எழுதுகிறார், லத்தீனில். அவர் கேட்டது அழகு என்றால் என்ன என்பதை மட்டும் அல்ல. தர்க்கத்தால் அறிவதற்கு ஒரு சாஸ்திரம் இருக்கிறது, சரி. கண்ணாலும் காதாலும் அறிகிறோமே, அந்த அறிவுக்கு ஏன் ஒரு சாஸ்திரம் இல்லை என்று கேட்டார்.

இதைப் படித்தபோது எனக்குச் சட்டென்று புரிந்தது, ஏனென்றால் நான் அப்படித்தான் பிழைக்கிறேன். ஆபரேஷன் தியேட்டரில் நோயாளியின் விரலில் மாட்டியிருக்கும் பல்ஸ் ஆக்ஸிமீட்டர் ஒவ்வொரு நாடித்துடிப்புக்கும் ஒரு 'பீப்' கொடுக்கும். வெளி ஆட்களுக்குத் தெரியாத விஷயம், அந்த பீப்பின் சுருதி ரத்தத்தில் ஆக்ஸிஜன் எவ்வளவு என்பதைப் பொறுத்து மாறும். சாச்சுரேஷன் நூற்றுக்குப் பக்கத்தில் இருந்தால் மேல் சுருதி. தொண்ணூற்றைந்து, தொண்ணூற்றிரண்டு என்று இறங்கினால் சத்தமும் படிப்படியாக இறங்கும். நான் திரும்பி நின்று மருந்து ஏற்றிக்கொண்டிருப்பேன், நர்ஸ் ஏதோ கேட்பார், சர்ஜன் கிரிக்கெட் பேசிக்கொண்டிருப்பார். சுருதி ஒரு இழை இறங்கினால் போதும், பேச்சு பாதியில் நின்றுவிடும். எண்ணைப் பார்ப்பதற்கு முன்னாலேயே கை குழாய்ப் பக்கம் போயிருக்கும். கணக்குப் போட்டு அறிவது அல்ல அது, கேட்டு அறிவது. எல்லாம் ஒழுங்காகப் போகிறபோது அந்தச் சீரான மேல் சுருதி எனக்கு எவ்வளவு அழகாக இருக்கும் என்று சொன்னால் வீட்டில் சிரிக்கிறார்கள். யாரும் இயற்றாத சங்கீதம். கலை இல்லை. ஆனால் பௌம்கார்ட்டன் கேட்ட விஷயத்துக்குள் முழுசாக வரும்.

(சினிமாவில் ஐசியூ காட்சி வந்தால் என்னால் ரசிக்க முடியாது. கதாநாயகனின் அப்பா செத்துக்கொண்டிருப்பார், பீப் மட்டும் மேல் சுருதியில் குஷியாகப் போய்க்கொண்டிருக்கும். "ஏனுங்க, வாயை மூடிட்டுப் பாருங்க" என்பாள் மனைவி.)

இங்கே எனக்குத் தமிழ்ச் சொல்மேல் ஒரு சின்ன வருத்தம். எஸ்தெடிக்ஸுக்கு அழகியல் என்று வைத்துவிட்டோம். முருகியல் என்றும் ஒரு காலத்தில் சொன்னார்கள். முருகு என்றாலும் அழகுதான், கூடவே இளமையும் மணமும் உண்டு. காதுக்கு இனிமையான சொற்கள். ஆனால் பெயரிலேயே அழகை வைத்துவிட்டதால் அருவருப்பு, அச்சம், வியப்பு எல்லாம் வெளியே நின்றுவிடுகின்றன. நம்மிடம் ஏற்கெனவே இதற்குப் பக்கத்தில் வரும் சொல் ஒன்று இருந்ததே. தொல்காப்பியத்தில் மெய்ப்பாட்டியல். நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று எட்டு. அழகு அந்தப் பட்டியலிலேயே இல்லை! அழகு என்பதைத் தொல்காப்பியர் செய்யுளியலில், வனப்பு எட்டில் ஒன்றாக, தனியாக வைத்திருக்கிறார். அது செய்யுளுக்கு உள்ளது. மெய்ப்பாடு உடம்பில் தோன்றுவது. மெய்ப்பாட்டியலின் கடைசி நூற்பா:

கண்ணினும் செவியினும் திண்ணிதின் உணரும்
உணர்வுடை மாந்தர்க்கு அல்லது தெரியின்
நன்னயப் பொருள்கோள் எண்ணருங் குரைத்தே.

கண்ணாலும் செவியாலும் திண்ணமாக உணர்கிறவருக்கே இது பிடிபடும், மற்றவருக்கு எட்டாது என்கிறார். மயக்க டாக்டராக இதைப் படித்தால் லேசாக ஒரு நடுக்கம் வரும். தசையைத் தளர்த்தும் மருந்து கொடுத்துவிட்டால் நோயாளியால் விரலைக்கூட அசைக்க முடியாது. மயக்கம் போதாமல் போனால் வாய்விட்டுச் சொல்லவும் வழியில்லை. அப்போது நாங்கள் எதைப் பார்ப்போம்? நாடி வேகமாகிறதா, ரத்த அழுத்தம் ஏறுகிறதா, நெற்றி வியர்க்கிறதா, மூடிய இமைக்கு ஓரத்தில் கண்ணீர் கசிகிறதா. மெய்ப்பாடு பார்த்துத்தான் மருந்தைக் கூட்டுகிறோம்.

சரி, இது அவள் சொன்னதில் ஒரு பாதி. உணர்கிறவர் பக்கத்திலிருந்து தொடங்கினால் சுவர், மழைக்கறை, பீப், சீன வலைக்குப் பின்னால் இறங்கும் சூரியன் எல்லாமே உள்ளே வந்துவிடும். கலைத் தத்துவம் கேட்கிற கேள்வி வேறு. இது யார் செய்தது, எதற்காகச் செய்தது, எதனால் இது ஒரு படைப்பு, அதே மாதிரி இருக்கும் இன்னொன்று ஏன் படைப்பு இல்லை? அங்கே தொடக்கம் பொருளின் பக்கத்தில், செய்தவரின் பக்கத்தில்.

இந்தக் கோட்டைக் கறாராகக் கிழித்தவர் ஹெகல் என்ற ஜெர்மானியத் தத்துவவாதி. பெர்லினில் 1820களில் நடத்திய விரிவுரைகளின் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறார்: எஸ்தெடிக்ஸ் என்பது இந்தப் பாடத்துக்குப் பொருத்தமான பெயர் அல்ல, நுண்கலையின் தத்துவம் என்பதே சரி, ஆனால் பெயர் ஊரெல்லாம் பழகிவிட்டது, இருந்துவிட்டுப் போகட்டும் என்று. அதே மூச்சில் இயற்கை அழகை வெளியே தள்ளுகிறார். மனிதன் தலையில் உதித்த ஒரு மட்டமான எண்ணம்கூட இயற்கையின் எந்தப் படைப்பையும்விட உயர்ந்ததாம், ஏனென்றால் அதில் மனம் இருக்கிறது, சுதந்திரம் இருக்கிறது. எனக்கு இது ஒப்பவே இல்லை. நொய்யலில் தண்ணீர் ஓடிய காலத்தைப் பார்த்தவன் எவனும் ஒப்பமாட்டான். ஆனால் அதே விரிவுரையில் அவர் சொல்லும் ஒரு பையனை என்னால் மறக்க முடியவில்லை. ஆற்றில் கல்லை எறிந்துவிட்டு, வட்டம் வட்டமாக விரியும் அலையைப் பார்த்து அதிசயித்து நிற்கிறான். தண்ணீர் அழகாக இருக்கிறது என்பதற்காக அல்ல, அந்த வட்டத்தில் தன் கைவேலையைப் பார்க்கிறான். நானும் அப்படி எறிந்திருக்கிறேன். எந்தப் பாதிக்காக எறிந்தேன் என்று இப்போது பிரித்துச் சொல்லச் சொன்னால் தெரியாது.

அவருக்கு முன்னால் காண்ட் என்ற இன்னொரு ஜெர்மானியத் தத்துவவாதி இருந்தார். 1790இல் வந்த நூல். அவருக்குப் பிடித்த உதாரணமெல்லாம் பூவும் பறவையும்தான். அதில் ஒரு கதை வரும். கோடைக்கால இரவு, நிலா, நைட்டிங்கேல் பாட்டு, விருந்தினர்கள் மயங்கிப் போகிறார்கள். உண்மையில் அங்கே பறவையே இல்லை. விடுதிக்காரன் ஒரு குறும்புக்காரப் பையனைப் புதருக்குள் ஒளித்து வைத்து நாணற்குழலை வாயில் வைத்து ஊதச் சொல்லியிருக்கிறான். ஏமாற்று என்று தெரிந்த மறுகணம் யாராலும் அதைக் கேட்டுக்கொண்டிருக்க முடியாது என்கிறார் காண்ட்.

இந்த இடத்தில் நான் கொஞ்சம் தடுக்கி விழுந்தேன். சத்தம் அதே சத்தம்தானே? காதுக்கு வந்ததில் மாற்றமே இல்லையே? அப்படியென்றால் புலனால் உணர்வதற்குள்ளும் 'இது என்ன, எங்கிருந்து வருகிறது' என்ற கேள்வி ஏற்கெனவே குடிவந்திருக்கிறது. பக்கத்து மேசை மானிட்டரின் பீப் இறங்கினால் எனக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும். என்னுடையது இல்லை என்று தெரிந்ததும் அதே சத்தம் வெறும் சத்தமாகிவிடும். அதனால் அழகியல் என்றால் மேற்பரப்பு, கலைத் தத்துவம் என்றால் உள்ளர்த்தம் என்று இரண்டு டப்பாவாகப் பிரித்து மூடி போட்டுவிட முடியாது.

ஆனாலும் பிரிந்தே நிற்கிற இடங்கள் உண்டு. அதற்கு எல்லோரும் இழுக்கும் உதாரணம் டுஷாம்ப் என்ற பிரெஞ்சுக் கலைஞரின் சிறுநீர்த் தொட்டி. நானும் இழுக்கிறேன், ஏனென்றால் இதில் நடந்த வாக்குவாதம் ருசியானது. 1917இல் நியூயார்க்கில் கட்டணம் செலுத்தினால் எவர் படைப்பையும் ஏற்போம் என்று அறிவித்த கண்காட்சிக்கு, கடையில் வாங்கிய பீங்கான் தொட்டி ஒன்று ஆர். மட் என்ற புனைபெயரில் கையெழுத்திட்டு வந்து சேர்ந்தது. காட்சிக்கு வைக்க மறுத்துவிட்டார்கள். இப்படிப் பொருள்களைத் தேர்ந்தெடுக்கும்போது அழகாக இருக்கிறதா அசிங்கமாக இருக்கிறதா என்ற பேச்சுக்கே இடமில்லாதவற்றைத்தான் எடுத்தேன் என்று டுஷாம்ப் பின்னாளில் சொன்னார். அப்படியும் ஜார்ஜ் டிக்கி என்ற தத்துவவாதி, அதன் பளபளக்கும் வெண்மையும் முட்டை வடிவமும் ரசிக்கக் கூடியவையே என்று வாதாடினார். ஆர்தர் டான்டோ என்ற இன்னொரு தத்துவவாதி விடவில்லை. பளபளப்பை ரசிப்பதானால் எந்தக் கழிவறையிலும் ரசிக்கலாமே, அது அந்தப் படைப்பின் குணம் அல்ல. துணிச்சல், குறும்பு, மரியாதையின்மை இவைதான் அந்தப் படைப்பின் குணங்கள், கழிவறையில் மாட்டியிருக்கும் தொட்டிக்கு அவை கிடையாது என்றார்.

எங்கள் தியேட்டர் மாடியிலும் வரிசையாக நாலு இருக்கின்றன. இதைப் படித்த வாரம், யாரும் வராத நேரமாகப் பார்த்து நின்று கவனித்தேன். டிக்கி சொன்ன பளபளப்பு கொஞ்சம் இருக்கத்தான் செய்கிறது. துணிச்சல் சுத்தமாக இல்லை.

அக்கா மகளிடம் போனில் இதைச் சொன்னபோது சிரித்துவிட்டு, ஆனந்த குமாரசுவாமியைப் படியுங்க மாமா என்றாள். கலை வரலாற்று அறிஞர், 1877இல் கொழும்பில், தமிழரான முத்துக் குமாரசுவாமிக்குப் பிறந்தவர். 1917 முதல் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் இருந்தார். ஈதர் கொடுத்த அதே ஊர். அவருக்கு எஸ்தெடிக் என்ற சொல்லே ஆகாது. கலையை அந்தப் பெயரில் கூப்பிடுவது அதைப் புலன்கூச்சமாகச் சுருக்குவது, அந்த உணர்ச்சி விலங்குக்கும் செடிகொடிக்கும்கூட உண்டு, கலையோ அறிவின் பாற்பட்டது, ஒரு பயனுக்காக ஒரு பொருளை ஒழுங்காகச் செய்யத் தெரிந்த அறிவு என்பார். செப்புத் திருமேனி செய்கிற ஸ்தபதிக்கும் நாற்காலி செய்கிற ஆசாரிக்கும் நடுவில் அவர் சுவர் எழுப்பவில்லை. இதில் பெரும்பகுதியை நான் ஏற்கிறேன். கண்ணாடிப் பெட்டிக்குள் விளக்குப் போட்டு வைத்த நடராஜரை வளைவு நெளிவுக்காக மட்டும் பார்த்துவிட்டு வருவது பாதிப் பார்வைதான். பட்டும் மாலையும் சாத்தி முகம் மட்டும் தெரிய வீதி உலா வருவதற்காகச் செய்த மேனி அது.

ஆனால் செடிகொடி பற்றி அவர் சொன்னதில் எனக்கு வழக்கு இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டிலேயே கிளாட் பெர்னார் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி தொட்டாச்சிணுங்கிக்கு ஈதர் கொடுத்துப் பார்த்தார். தொட்டால் சுருங்கவில்லை. ஈதர் விலகியதும் பழையபடி சுருங்கியது. அதை இழிவாக நினைக்க என்னால் முடியாது. மயக்கம் தெளிந்து வரும் ஆள் முதலில் செடியாகத்தான் வருகிறார்: பெயர் சொல்லிக் கூப்பிட்டால் இமை துடிக்கும். அப்புறம் வலி. அப்புறம் குளிர். அதற்கெல்லாம் அப்புறம்தான் "சாவி யார்கிட்ட இருக்குது?" என்று கேட்கும் அறிவு. கீழே அந்தத் தளம் இல்லாமல் மேலே எந்தத் தளமும் நிற்காது, கலையும்கூட.

இத்தனைக்கும் பிறகு அந்த மேசைக்குத் திரும்பினேன். அவள் காகிதங்களைப் படமெடுத்து வைத்திருந்தாள், அனுப்பச் சொன்னேன். ஒரே குடும்பம் ஒரே அலுவலகத்துக்கு, ஒரே நிலத்துக்காக எழுதிய மனுக்கள். வாசகம் ஏறக்குறைய ஒன்றுதான். நான் கையெழுத்து இருக்கும் இடத்தை மட்டும் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே போனேன். முதல் மனுக்களில் கட்டைவிரல் ரேகை, ஊதா மசி, ஓரம் கலங்கி. பிறகு வேறொரு கை, எழுத்துக் கூட்டி எழுதியது. தட்டச்சு போய்க் கணினி அச்சு வந்தது. கடைசி மனுவில் ஒரு பெண்ணின் கையெழுத்து, ஆங்கிலத்தில், வேகமாக, பழகிய கை. கீழே 'பேத்தி' என்று அடைப்புக்குறிக்குள்.

இதில் பார்க்க ஒன்றுமில்லை என்று வெளியே போனவன் நான். படித்த பிறகு முழங்கையில் மயிர் நின்றது. அழகு என்று அதைச் சொல்ல மாட்டேன். அழுகையோ வெகுளியோ, எட்டில் ஏதோ ஒன்று. ஆக, நல்லாருக்கோணும்னு இல்லை என்று அவள் சொன்னது சரி. ஆனால் உணரவே வேண்டியதில்லை என்று யாராவது சொன்னால் அங்கே நான் மறிப்பேன். மேசையும் என் தோல் வழியாகத்தான் வந்தது, என்ன, படித்தறிவு என்ற ஒரு சுற்றுப்பாதையில் வந்தது.

இதை அவளுக்கு நீளமாக எழுதி அனுப்பினேன். பதில் ஒரு கட்டைவிரல் படம்.

போன மாதம் லீவுக்கு வந்தவள் கையில் ஒரு பொட்டலம். கொச்சியில் நான் எடுத்த அந்தச் சுவரின் படத்தை இரண்டடிக்கு மூன்றடி அச்சடித்து, தேக்குச் சட்டம் போட்டுக் கொண்டுவந்திருந்தாள். கீழே சின்ன அட்டை: 'சுவர்', என் பெயர், வருடம், 'காகிதத்தில் அச்சு'. இப்ப இது வொர்க்கா என்று கேட்டேன். "அட்டை ஒட்டியிருக்குதுங்களே மாமா" என்றாள்.

முன்னறையில் மாட்டினோம். ஆணி அடித்த இடத்தில் கொஞ்சம் பூச்சு உதிர்ந்தது. மனைவி சமையலறையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்து, படத்தைப் பார்த்தாள், அதற்குப் பக்கத்தில் ஈரம் இறங்கியிருக்கும் எங்கள் வீட்டுச் சுவரைப் பார்த்தாள்.

"ஏனுங்க, வெள்ளையடிக்கச் சொல்லி ரெண்டு வருசமாச் சொல்றேன். அதுக்கு இதுவா பதில்?"